செபி நம்பர் கேட்கிற நாம், யூரிக் ஆசிட் வீடியோவிடம் என்ன கேட்டோம்?

இந்த வாரம் மியூச்சுவல் ஃபண்ட் இல்லை, டேக்ஸும் இல்லை. ஒரு வாட்ஸ்அப் ஃபார்வர்டு பற்றிப் பேசப் போறோம். இதுவும் காசு சம்பந்தப்பட்டதுதான். அந்த ஃபார்வர்டை அனுப்பினது நான். அதனால இதை எழுத வேண்டிய கடமையும் எனக்கு இருக்கு.

எங்க தாய்மாமா கம்பம் பக்கம் சுருளிப்பட்டியில் திராட்சைத் தோட்டம் வெச்சிருக்கார். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய அதே கம்பம் பன்னீர் திராட்சை. ஒரு நாள் ராத்திரி ரெண்டு மணிக்கு அவருக்கு வலது கால் பெருவிரல் மூட்டு சிவந்து வீங்கிடுச்சு. போர்வை பட்டாலே உயிர் போகிற வலி. காலையில் செருப்பு போட முடியலை. மெடிக்கல்ல கேட்டு ஒரு வலி மாத்திரை வாங்கிப் போட்டார். அஞ்சு நாளில் சரியாப் போச்சு. அடுத்த மாசமே மறுபடி வந்துச்சு. ரத்தம் கொடுத்துப் பார்த்ததில் யூரிக் ஆசிட் 9.2.

உடனே எனக்கு போன். "மாப்ள, நீதான் எல்லாத்தையும் நெட்ல அலசி ஆராய்வியே, இதுக்கு என்ன பண்றதுன்னு பார்த்துச் சொல்லுப்பா."

நான் பெங்களூர்ல ஆபீஸ் கேப்ல இருந்தேன். தேடினேன். முதல்ல வந்த வீடியோவுக்கு லட்சக்கணக்கில் வியூஸ். வெள்ளைக் கோட்டு போட்ட ஒருத்தர். தலைப்பு: '7 நாளில் யூரிக் ஆசிட் கரைந்து ஓடும்'. முதல் ரெண்டு நிமிஷம் பார்த்தேன், அனுப்பிட்டேன்.

'இந்த ஷேர் டபுள் ஆகும்'னு யாராவது சொன்னா, முதல்ல செபி ரிஜிஸ்ட்ரேஷன் நம்பர் கேளுங்கன்னு உங்ககிட்ட எத்தனை வீடியோவில் சொல்லியிருக்கேன்! சொந்த மாமாவோட காலுக்கு அந்த ஒரு கேள்வியைக்கூட நான் கேட்கலை.

14 மாசக் கணக்கு

மாமா வீடியோ சொன்னபடியே நடந்தார். பருப்பை விட்டார், கீரையை விட்டார், காளான் பக்கமே போகலை. வீடியோவுக்குக் கீழே இருந்த லிங்க்கில் மாசா மாசம் பவுடர் வாங்கினார். அதுக்கு யுபிஐ-ல பணம் கட்டினதும் நான்தான். ஆனாலும் 14 மாசத்தில் 9 தடவை வலி வந்தது. அதில் ரெண்டு தடவை கவாத்து நேரத்தில். பந்தலுக்குக் கீழே நிக்க முடியாம ஆள் வெச்சு வேலை பார்த்தார்.

பின்னாடி நானும் அவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம்:

- பவுடர்: ரூ.1,499 வீதம் 6 மாசம் = ரூ.8,994
- 'ஆன்லைன் ஆலோசனை': ரூ.999
- ஆப்பிள் சைடர் வினிகர், 4 பாட்டில்: ரூ.1,800
- வலி வந்தப்போ ஊசி, மாத்திரை: தடவைக்கு ரூ.350 வீதம் 9 தடவை = ரூ.3,150
- அவருக்குப் பதிலா ஆள் கூலி: 9 தடவை, தடவைக்கு 4 நாள், நாளைக்கு ரூ.600 = ரூ.21,600

மொத்தம் ரூ.36,543. பவுடர்காரருக்குப் போனது இதில் கால்வாசிதான். பெரிய செலவு, படுத்துக் கிடந்த நாட்கள். இன்னொரு செலவும் இருக்கு, அது இந்த லிஸ்ட்ல வராது. கடைசியில் சொல்றேன்.

முதலில், இது என்ன நோய்?

நம்ம ஊரில் மூட்டு வலி எல்லாமே 'வாதம்'தான். அதனாலேயே வீடியோக்களில் மூணு வேற வேற நோய் ஒண்ணாக் கலக்குது. வயசானா வர்ற மூட்டுத் தேய்மானம் ஒண்ணு. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தாக்கும் முடக்குவாதம் இன்னொண்ணு. மூணாவது கவுட். மூணுக்கும் மருந்து வேற. 'மூட்டு வலிக்கு ஒரே தீர்வு'ன்னு ஒரு வீடியோ ஆரம்பிச்சா, அங்கேயே நிறுத்திடலாம்.

கவுட் எப்படி வருது? நம்ம உடம்பில் செல்கள் சிதையும்போதும், சில உணவுகளில் இருந்தும் யூரிக் ஆசிட் உண்டாகுது. பெரும்பகுதியைச் சிறுநீரகம் வெளியேற்றுது. ரத்தத்தில் அது ஒரு டெசிலிட்டருக்கு சுமார் 6.8 மில்லிகிராமைத் தாண்டினால் கரைஞ்ச நிலையில் இருக்க முடியாமல் ஊசி மாதிரிப் படிகமா மூட்டில் படிய ஆரம்பிக்கலாம். ஒரு நாள் அந்தப் படிகத்தை உடம்பு எதிரியா நினைச்சுத் தாக்குது. அதுதான் அந்த ராத்திரி ரெண்டு மணி வலி.

வலி சில நாளில் தானாகவே அடங்கும். கவுட்டின் குணமே அது. ஏழாவது நாள் வலி போனதும் 'பவுடர் வேலை செஞ்சுது'ன்னு நினைக்கிறோம். சந்தை தானா ஏறும்போது, டிப்ஸ் கொடுத்தவர் 'பார்த்தீங்களா, நான் சொன்னேனே' என்பார் இல்லையா, அதே கதை. வலி போனாலும் படிகம் மூட்டில்தான் இருக்கு. கிரெடிட் கார்டு பில்லுக்கு மினிமம் டியூ மட்டும் கட்டிட்டு, கடன் அடைஞ்சதுன்னு நினைக்கிற மாதிரி.

வீடியோ சொல்றதில் எது சரி, எது தப்பு?

*'பருப்பு, கீரை, காளான் தொடாதே':* 2004-ல் அமெரிக்காவில் 47,000-க்கும் மேற்பட்ட ஆண்களை 12 வருஷம் கவனிச்ச ஒரு ஆய்வு வந்தது. இறைச்சி, கடல் உணவு அதிகம் சாப்பிட்டவங்களுக்கு கவுட் வர்ற வாய்ப்பு கூடுதல். பால் பொருட்கள் சாப்பிட்டவங்களுக்குக் குறைவு. பியூரின் நிறைந்த காய்கறிகளுக்கும் கவுட்டுக்கும் தொடர்பே தெரியலை. அதாவது மாமா விட்ட பருப்பும் கீரையும் குற்றவாளியே இல்லை. ஞாயிற்றுக்கிழமை குடலும் ஈரலும்தான் குறைக்க வேண்டியது. அதே ஆய்வுக் குழு, மதுவில் பீர்தான் மோசம்னும் சொன்னது.

*'செர்ரி சாப்பிடு':* 633 கவுட் நோயாளிகளிடம் நடந்த 2012 ஆய்வில், செர்ரி சாப்பிட்ட நாட்களில் வலி வர்றது 35% குறைவா இருந்தது. கவனிச்சுப் பார்த்ததுதான், நிரூபணம் இல்லை. அதைவிட முக்கியம், நம்ம பேக்கரியில் கேக் மேல வைக்கிற 'செர்ரி' பெரும்பாலும் சர்க்கரைப் பாகில் ஊறி, சாயம் ஏத்தின களாக்காய். அதைச் சாப்பிட்டு ஒரு பலனும் இல்லை, சர்க்கரைதான் ஏறும்.

*'ஜூஸ் குடி, டீடாக்ஸ் ஆகும்':* பழச் சர்க்கரையான ஃப்ரக்டோஸ் உடம்பில் உடையும்போது யூரிக் ஆசிட் கூடுது. சர்க்கரை போட்ட கூல் டிரிங்க்ஸுக்கும் கவுட்டுக்கும் தொடர்பு இருக்கறதை 2008-ல் ஒரு பெரிய ஆய்வு காட்டியிருக்கு. தோட்டத்தில் ஒரு கைப்பிடி திராட்சை சாப்பிட்டதால் மாமாவுக்கு ஒண்ணும் ஆகலை. 'கரையட்டும்'னு தினம் ரெண்டு டம்ளர் சர்க்கரை போட்டுக் குடிச்சாரே, அதுதான் தப்பு.

*'மாத்திரை போட்டா கிட்னி போயிடும்':* பயமுறுத்தி வியூஸ் வாங்குற வரி இது. நிஜத்தில், டாக்டரைப் பார்க்காம மெடிக்கல்ல வாங்கி அடிக்கடி போடுற வலி மாத்திரைதான் சிறுநீரகத்துக்கு ஆபத்து. யூரிக் ஆசிட்டைக் குறைக்கும் மாத்திரைக்கும் பக்க விளைவு உண்டு. அலோபூரினால் போட்டு உடம்பில் தடிப்பு வந்தா உடனே நிறுத்திட்டு டாக்டரிடம் ஓடணும். அரிதா வந்தாலும் அது ஆபத்தானது. ஆனா அதைச் சொல்லிக் கண்காணிக்கத்தான் டாக்டர் இருக்கார்.

*'உணவை மாத்தினாலே போதும்':* இதுதான் பெரிய பொய், ஏன்னா பாதி உண்மை மாதிரி இருக்கும். உணவுக் கட்டுப்பாட்டால் யூரிக் ஆசிட் பொதுவா ஒரு பாயிண்ட் அளவுக்குத்தான் இறங்கும். 2018-ல் வந்த ஒரு ஆய்வு, ஆளுக்கு ஆள் யூரிக் ஆசிட் வேறுபடுறதில் எந்த ஒரு உணவின் பங்கும் 1 சதவீதத்துக்கும் குறைவு, பரம்பரையின் பங்கு அதைவிடப் பல மடங்கு அதிகம்னு காட்டியது. 9.2-ல் இருக்கிறவர் கீரையை விட்டு 6-க்கு வர முடியாது. "வாயைக் கட்ட மாட்டேங்கிறார்"னு அத்தை அவரைத் திட்டினதும் நியாயம் இல்லை. இது நாக்கு செஞ்ச குற்றம் மட்டும் இல்லை.

ஏன் எல்லா வீடியோவும் சாப்பாட்டையே பேசுது?

நியூஸிலாந்து ஆராய்ச்சியாளர்கள் டிக்டாக்கில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்ட கவுட் வீடியோக்களை அலசினாங்க. பெரும்பாலானவை உணவையும் பழக்கவழக்கத்தையும்தான் பேசின. யூரிக் ஆசிட்டை நீண்ட காலத்துக்குக் குறைத்து வைக்கும் மருந்தைக் குறிப்பிட்டவை ரெண்டே ரெண்டு.

நானும் சேனல் நடத்துறவன், அதனால உள்ளே இருந்து சொல்றேன். 'இந்த 5 உணவு'ன்னு வாரம் ஒரு வீடியோ போடலாம். உணவுக்குக் கீழே பவுடர் லிங்க் வைக்கலாம். 'டாக்டரைப் பாருங்க, தினம் மாத்திரை போடுங்க, 6-க்குக் கீழே கொண்டு வாங்க' என்பதை ஒரு தடவை சொன்னா கதை முடிஞ்சுது. அடுத்த வாரம் என்ன போடறது?

அலோபூரினால் 1966-லேயே அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து. அதை உருவாக்கியதில் முக்கியமான கெர்ட்ரூட் எலியன் 1988-ல் நோபல் பரிசு வாங்கினார். காப்புரிமை எப்பவோ முடிஞ்சு, மலிவான மாத்திரை ஆயிடுச்சு. இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இருக்கு. யாருக்கும் பெரிய லாபம் இல்லாததால் யாரும் விளம்பரம் பண்றதில்லை. இன்டெக்ஸ் ஃபண்டை யாரும் உங்க வீட்டுக் கதவைத் தட்டி விற்கிறதில்லையே, அது மாதிரி.

2018 ஜூலையில் திருப்பூரில் யூடியூப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்த்ததில் ஒரு இளம் தாய் இறந்தார். அந்தச் செய்தி தமிழ்நாட்டையே உலுக்கியது. கவுட் வீடியோவால் அப்படித் தலைப்புச் செய்தி வராது. சத்தமே இல்லாம, வருஷக் கணக்கில் மூட்டு அரிச்சுக்கிட்டே இருக்கும். அதனாலதான் நாம இதைச் சீரியஸா எடுத்துக்கறதில்லை.

மாமா எப்போ திரும்பினார்?

ஒன்பதாவது தடவை காய்ச்சலும் சேர்ந்து வந்தது. காய்ச்சலோடு ஒரு மூட்டு சூடா வீங்கினா, அது கிருமித் தொற்றாகவும் இருக்கலாம், அன்னைக்கே ஆஸ்பத்திரி போகணும். வீடியோவில் யாரும் அதைச் சொல்லலை. நல்லவேளை, தொற்று இல்லை. கவுட்தான்.

அங்கே டாக்டர் கேட்ட முதல் கேள்வி சாப்பாடு பற்றி இல்லை. "பிரஷர் மாத்திரை எது போடுறீங்க?" சில நீர்ப்பெருக்கி மாத்திரைகள் யூரிக் ஆசிட்டை ஏத்தும். இதைப் படிச்சிட்டு அப்பாவோட பிரஷர் மாத்திரையை நீங்களா நிறுத்திடாதீங்க. டாக்டரிடம் சீட்டைக் காட்டினா போதும்.

அப்புறம் சிறுநீரக டெஸ்ட் எடுத்து, யூரிக் ஆசிட் மாத்திரையைக் குறைந்த அளவில் ஆரம்பிச்சு, படிப்படியா ஏத்தினாங்க. "நம்ம டார்கெட் 6-க்குக் கீழே. அதுவரைக்கும் ரத்தம் பார்த்துக்கிட்டே இருப்போம்" என்றார் டாக்டர். கூடவே முதல் சில மாசத்துக்கு வலி வராமல் தடுக்க ஒரு மாத்திரை.

ரெண்டாவது மாசம் மறுபடி வலி வந்தது. மாமா போன் பண்ணார். "மாப்ள, வீடியோக்காரன் சொன்னது சரிதான்போல, இங்கிலீஷ் மருந்து வேலைக்கு ஆகல." நிறைய பேர் மருந்தை விடுறது இந்த இடத்தில்தான். யூரிக் ஆசிட் இறங்கும்போது பழைய படிகம் கரைய ஆரம்பிக்கும். அது அசையும்போது ஆரம்ப மாசங்களில் வலி வர்றது சகஜம். டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தார், மாமா மறந்துட்டார். இந்தத் தடவை நான் லிங்க் எதுவும் அனுப்பலை. "டாக்டர் நம்பருக்கு அடிங்க மாமா" என்று மட்டும் சொன்னேன்.

எட்டாவது மாசம் 5.6. ஒரு வருஷத்துக்கு டாக்டர் ஃபீஸ், டெஸ்ட், மாத்திரை எல்லாம் சேர்த்து ரூ.5,500 ஆச்சு. அதுகூட தனியாரில். கம்பம், பெரியகுளம் அரசு மருத்துவமனைகளும், க.விலக்கில் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் நம்ம மாவட்டத்திலேயே இருக்கு. மாத்திரைக்கு ஜன் ஔஷதி, முதல்வர் மருந்தகம் கடைகளிலும் கேட்டுப் பாருங்க.

ஃபார்வர்டு பண்றதுக்கு முன்னாடி 6 கேள்விகள்

1. *பேசுறவர் யார்?* 2023 ஆகஸ்ட் மத்திய அரசு வழிகாட்டுதல்படி, உடல்நலம் பேசும் தகுதி பெற்ற நிபுணர்கள் தங்கள் தகுதியைச் சொல்லணும். மற்றவங்க தாங்கள் மருத்துவ ஆலோசனைக்கு மாற்று இல்லை என்று தெளிவுபடுத்தணும். அலோபதி டாக்டர் என்றால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் பதிவு இருக்கும், சித்த மருத்துவர் என்றால் அவங்களுக்கான கவுன்சிலில். செபி தளத்தில் தேடுற மாதிரியே பெயரைத் தேடுங்க.
2. *கீழே லிங்க் விற்குதா?* பவுடர் டப்பாவில் இருக்கும் எஃப்எஸ்எஸ்ஏஐ நம்பர் உணவுப் பொருளுக்கான உரிமம். நோயைக் குணப்படுத்தும் என்பதற்கான சான்று இல்லை.
3. *நாள் கணக்கு சொல்றாரா?* படிகம் கரைய மாசக் கணக்கில், சிலருக்கு வருஷக் கணக்கில் ஆகும். '7 நாள்' என்பது 'மாசம் 10% கேரன்டி ரிட்டர்ன்' மாதிரி.
4. *6 என்ற டார்கெட்டைச் சொன்னாரா?* கவுட் சிகிச்சை வீடியோ அதைச் சொல்லாம முடிஞ்சா, அது முழு வீடியோ இல்லை.
5. *மருந்தின் நன்மை, ஆபத்து ரெண்டையும் சொன்னாரா?* ஒரு பக்கம் மட்டும் பேசுறவர் விற்பனையாளர்.
6. *எப்போ ஆஸ்பத்திரிக்கு ஓடணும்னு சொன்னாரா?*

உங்க ரிப்போர்ட்டில் சிவப்பு எழுத்து வந்தா?

உங்களில் பலர் ஆபர்ல ஃபுல் பாடி செக்கப் எடுப்பீங்க. யூரிக் ஆசிட் 7.4 என்று சிவப்பில் வரும். அன்னைக்கு ராத்திரியே வீடியோ வேட்டை ஆரம்பிக்கும். நம்பர் ஏறினதுமே கவுட் ஆயிடாது. அப்படி இருக்கிறவங்களில் பெரும்பாலானோருக்குக் கவுட் வர்றதே இல்லை. வலி எதுவும் இல்லாம வெறும் நம்பருக்காக மாத்திரை வேண்டாம் என்றுதான் 2020 அமெரிக்க மூட்டு மருத்துவ வழிகாட்டுதலும் சொல்லுது. எடை, பிரஷர், சுகர், வீக்எண்டு பீர் இதையெல்லாம் கவனிங்க. அடுத்த செக்கப்பில் டாக்டரிடம் காட்டுங்க. மாறாக, கவுட் வலி இருக்கும்போது எடுத்த டெஸ்டில் யூரிக் ஆசிட் நார்மல்னு வரவும் வாய்ப்பு உண்டு. வலி அடங்கி ரெண்டு வாரத்துக்கு மேல் ஆனதும் மறுபடி பார்க்கணும்.

இன்சூரன்ஸ் பக்கமும் ஒண்ணு. ஐஆர்டிஏஐ வடிவமைத்து 2020-ல் வந்த ஆரோக்ய சஞ்சீவனி பாலிசியில், 24 மாசக் காத்திருப்புப் பட்டியலில் 'கவுட்' பெயரே இருக்கு. வேற பல பாலிசிகளிலும் இதே மாதிரிப் பட்டியல் உண்டு. ஆபீஸ் குரூப் பாலிசியில் பொதுவா காத்திருப்பு இருக்காது, ஆனா வேலையை விட்டா அதுவும் போயிடும். அதனால வலி வர்றதுக்கு முன்னாடி, உடம்பு நல்லா இருக்கும்போதே சொந்தப் பாலிசி எடுங்க. ஏற்கெனவே டாக்டர் கவுட் என்று சொல்லியிருந்தா படிவத்தில் மறைக்காதீங்க. மறைச்சா கிளெய்ம் நேரத்தில் நீங்கதான் மாட்டுவீங்க.

லிஸ்ட்ல வராத செலவு

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனப்போ மாமாவோட தோட்டத்தில் நடந்தேன். ஒரு வருஷமா வலி இல்லை. பருப்பு சாப்பிடுறார், கீரை சாப்பிடுறார். ஆனா வலது பெருவிரல் மூட்டு பழையபடி மடங்கலை. படிகம் கரையும், அரிச்ச எலும்பு திரும்ப வராதுன்னு டாக்டர் சொல்லிட்டார். ஸ்டூல் மேல ஏறிப் பந்தல்ல கொடி கட்டுற வேலையை இப்போ என் மாமா பையன் செய்றான். முதல் மாசமே சரியான இடத்துக்குப் போயிருந்தா, அந்த விரல் தப்பிச்சிருக்கலாம்.

மாமா என்னை ஒரு வார்த்தை கேட்கலை. "நல்லதுக்குத்தானே அனுப்பின, விடு மாப்ள"ன்னார்.

உங்க வீட்டிலும் 'நெட்ல பார்த்துச் சொல்லுப்பா'ன்னு கேட்கிற ஒருத்தர் இருப்பார். அவருக்கு நீங்கதான் எக்ஸ்பர்ட். அடுத்த தடவை அவர் கேட்கும்போது லிங்க் அனுப்பாதீங்க. பக்கத்தில் இருக்கிற டாக்டரிடம் டோக்கன் போட்டுக் கொடுங்க, முடிஞ்சா லீவு போட்டுக் கூடவே போங்க.

நான் டாக்டர் இல்லை. இந்தப் பதிவும் சிகிச்சை இல்லை. மேலே இருக்கிற 6 கேள்விகளை முதல்ல என்கிட்டயே கேளுங்க. இந்தப் பதிவுக்குக் கீழே எந்தப் பவுடர் லிங்க்கும் இல்லை.